இலை ஒன்று, டம்ளர் இரண்டு

வாளையாறைத் தாண்டும் தமிழருக்கு முதல் மலையாளப் பாடம் சாப்பாட்டு மேஜையில்தான் நடக்கிறது. 'வெள்ளம் வேணோ?' என்று சர்வர் கேட்டால் மிரளத் தேவையில்லை. அவர் கொண்டுவரப்போவது ஒரு டம்ளர் தண்ணீர்தான். அதுவும் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த, இளஞ்சிவப்பு நிறத் தண்ணீர். 'கறி' என்ற சொல் காதில் விழுந்ததும் சைவர்கள் எழுந்து போய்விடக் கூடாது. அங்கே பூசணிக்காய்க் குழம்பும் கறிதான். சர்க்கரை என்றால் வெல்லம். சீனி வேண்டுமானால் 'பஞ்சசார' என்று கேட்க வேண்டும். சாயாவோடு 'கடி' வேண்டுமா என்று கேட்பது வம்புக்கு இழுப்பதல்ல. வடையோ பழம்பொரியோ, கடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமா என்ற விசாரிப்பு.

பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். அதன் பிறகு இலையில் வந்து விழுபவை பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான். சாம்பாரில் தேங்காய் கொஞ்சம் தூக்கல், எண்ணெய் தேங்காயெண்ணெய், சோறு சற்றே பருமன். வெள்ளைச் சோறா, செந்நிற மட்டை அரிசிச் சோறா என்று கேட்டுவிட்டுப் பரிமாறும் ஹோட்டல்கள் பாலக்காட்டில் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பாலக்காட்டு மட்டைக்குப் பெருமை அதிகம். ஆனால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வெள்ளைச் சோறு இல்லாவிட்டால் இறங்காது என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது, அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துக்குப் போனது. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. கோடு போட்டவர்கள் தாலுகா வாரியாகப் பேச்சு மொழியைக் கணக்கிட்டார்கள். சமையலறைகளை யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்திருந்தால் கோட்டை எங்கே போடுவது என்று திண்டாடியிருப்பார்கள்.

ராமசேரியை எடுத்துக்கொள்ளலாம். பாலக்காட்டு நகரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், எலப்புள்ளி அருகே உள்ள சிற்றூர். இந்த ஊரின் பெயரை நாடறியச் செய்தது ஓர் இட்லி. பார்ப்பதற்கு ஆப்பம் போலத் தட்டையாக இருக்கும். தொட்டால் பஞ்சு. செய்முறை இட்லிப் பானைக்காரர்களுக்குப் புதிது. வாய் அகன்ற மண்பானையில் தண்ணீர் கொதிக்கிறது. அதன் மேல் நூலால் வலை பின்னிய ஒரு வளையம். வலையின் மேல் துணி விரித்து, மாவை வட்டமாக ஊற்றி, மேலே இன்னொரு பானையைக் கவிழ்த்துவிடுகிறார்கள். விறகு அடுப்புதான். வெந்த இட்லி துணியோடு வந்து, துணியை விட்டு இலையில் இறங்குகிறது. தொட்டுக்கொள்ள சட்னியும், எண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியும். இரண்டு நாள் வைத்திருந்தாலும் கெடாது என்பது ஊரின் பெருமை. அதனால் வெளியூருக்கும் பொட்டலம் போகிறது.

இதைச் செய்கிறவர்கள் முதலியார் குடும்பங்கள். காஞ்சிபுரத்திலிருந்து நெசவுக்கு வந்த முன்னோர்களோடு இந்தக் கைப்பக்குவமும் வந்தது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஆண்கள் தறியில் உட்கார, பெண்கள் இட்லி அவித்து வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு விற்றார்களாம். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் கோயில் இட்லிக்கும் இதற்கும் உருவத்தில் ஒற்றுமை கிடையாது. வந்த வழியில் மாறியதோ, வந்து சேர்ந்த இடத்தில் மாறியதோ, இன்று கேரளத்தின் உணவுப் பெருமைகளில் ஒன்றாகச் சுற்றுலாப் பிரசுரங்களில் இடம்பெறுகிறது. ஒரு காலத்தில் பல வீடுகளில் எரிந்த அடுப்பு இப்போது ஒரு சில குடும்பங்களில் மட்டுமே எரிகிறது. புகை மண்டிய சமையலறையில் விடியுமுன் உட்காரப் படித்த பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்குமா என்ற கேள்வி புகழோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது.

கல்பாத்தியிலும் இதே கதைதான், சுருதி மட்டும் வேறு. ஆற்றங்கரை அக்கிரகாரங்களின் பிராமணர்கள் தமிழ்நாட்டிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறியவர்கள். வீட்டில் பேசுவது தமிழ், அதில் மலையாளம் ஊறியிருக்கும். சமையலும் அப்படித்தான். வத்தக்குழம்பு கிழக்கிலிருந்து வந்தது. ஓலனும் எரிசேரியும் மேற்கில் கற்றுக்கொண்டது. பருப்பும் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்ட மொளகூட்டல் இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. பம்பாயிலும் டில்லியிலும் கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்த பாலக்காட்டுச் சமையல்காரர்களின் புகழ் நாடறிந்தது.

பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு போகும் வழியில் உள்ள புதுநகரம் ராவுத்தர்களின் ஊர். வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம்கள். மலபார் பிரியாணியில் அரிசி தனியாகவும் இறைச்சி மசாலா தனியாகவும் வெந்து, அடுக்கடுக்காகத் தம்மில் சேரும். ராவுத்தர் பிரியாணியில் இரண்டும் ஒரே அண்டாவில் கலந்து வேகும். தலைச்சேரிக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு 'இது எங்களுடையது அல்ல' என்பார். திண்டுக்கல்காரர் மறுபேச்சில்லாமல் இன்னொரு பிளேட் கேட்பார்.

கொல்லங்கோட்டிலிருந்து வடக்கே சித்தூர்த் தாலுகாவுக்குள் மேலும் போனால் தென்னந்தோப்புகள். கேரளம் குடிக்கும் கள்ளில் பெரும்பங்கு இந்தத் தாலுகாவின் தென்னைகளிலிருந்து இறங்குகிறது. விடியற்காலையில் பெர்மிட்டோடு வேன்கள் மற்ற மாவட்டங்களுக்குப் புறப்படுகின்றன. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை 1987 முதல். கேரளம் 1996-ல் சாராயத்தை ஒழித்தது, கள்ளைத் தொடவில்லை. இதன் விளைவு எல்லையோரச் சாலைகளில் கண்ணுக்குத் தெரிகிறது. வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்தில் 'கள்ளு' என்று எழுதிய ஷாப்புகளில் கோயமுத்தூர்ப் பதிவெண் பைக்குகள் நிற்பது சகஜம்.

ஷாப்பை வெறும் குடிக்கும் இடம் என்று நினைப்பது தவறு. மரவள்ளிக்கிழங்கும் குடம்புளி போட்ட மீன் குழம்பும், தேங்காய்ச் சில்லோடு வறுத்த மாட்டிறைச்சியும் சாப்பிடவே வருகிறவர்கள் உண்டு. கேரளத்தின் பல நல்ல சமையல்காரர்களுக்கு விலாசம் இந்த ஓலைக் கொட்டகைகள்தான். இறைச்சிக்கான மாடுகளில் கணிசமானவை பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து இதே சாலைகளில் எல்லை கடப்பவை. மலையாளி தன் அடையாளம் என்று சொல்லும் உணவுக்கு மூலப்பொருள் கொங்குச் சீமையிலிருந்து போகிறது. தமிழன் தன் ஊரில் விற்கக் கூடாத பானத்துக்கு மேற்கே போகிறான். மாநிலங்கள் அணைக்கும் ஆற்றுக்கும் சண்டை போடும்போது இந்தக் கொடுக்கல் வாங்கலை யாரும் வழக்கில் சேர்ப்பதில்லை.

இதுவரை எல்லாம் இனிமை. இட்லியும் பிரியாணியும் எல்லையை மதிக்காமல் ஒன்றாகிவிட்டன என்று முடித்துவிட்டு ஏப்பம் விடலாம். ஆனால் எல்லையைத் தாண்டியது சமையல் மட்டும்தானா?

சித்தூர்த் தாலுகாவின் தென்கோடியில், மாம்பழத்துக்குப் பெயர்போன முதலமடைப் பஞ்சாயத்தில், கோவிந்தாபுரம் என்ற எல்லைச் சிற்றூர். பொள்ளாச்சி கூப்பிடு தூரம். இங்குள்ள அம்பேத்கர் காலனியில் வசிப்பவர்கள் தமிழ் பேசும் சக்கிலியர்கள். தோட்டக் கூலிகள். 2017 ஜூனில் இந்தக் காலனி செய்தியானது. டீக்கடைகளில் தங்களுக்குத் தனி டம்ளர், பொதுக் குழாயில் தங்களுக்குப் பிறகே தண்ணீர் என்று காலனிவாசிகள் புகார் சொன்னார்கள். அவர்கள் சுட்டியது இதே ஊரில் வாழும் கவுண்டர்களை. மறுத்தவர்களும் இருந்தார்கள். அரசியல் கட்சிகள் வந்தன, அதிகாரிகள் வந்தார்கள், பத்திரிகைகள் வந்தன. கல்வியறிவில் முதலிடம் என்று மார்தட்டும் மாநிலத்தில் இப்படியா என்று திருவனந்தபுரம் அதிர்ச்சி காட்டியது. கொங்கு நாட்டு தலித்துகளுக்கு அதிர்ச்சி ஏற்பட்டிருக்காது. இரட்டை டம்ளர் அவர்களுக்கு அறிமுகமான பாத்திரம்.

'அது தமிழ்நாட்டிலிருந்து வந்த வழக்கம்' என்பது கேரளத்தில் எளிதாகச் சொல்லப்படும் சமாதானம். பாதி உண்மை. இட்லி வந்த வழியில்தான் டம்ளரும் வந்தது. ஆனால் இட்லி வந்தால் கேரளப் பெருமை, டம்ளர் வந்தால் தமிழ்க் கோளாறு என்று கணக்கு எழுத முடியாது. மேற்குப் பக்கத்தின் சொந்தக் கணக்கும் சிறியதல்ல. 1924-ல் கல்பாத்தித் தேர்த் திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் ஈழவர்கள் நடந்ததற்கே எதிர்ப்பு எழுந்து அடிதடியானது. கோபமுற்ற ஈழவர்கள் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார்கள். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

தெருவில் நடக்க முடியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி? 1917-ல் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தபோது சொந்த சாதியாரே அவரை 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். அவர் அந்தப் பட்டத்தைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். தமிழ்நாட்டில் 1957-ல் கூட திருவல்லிக்கேணி ஹோட்டல் ஒன்றின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை போக வேண்டியிருந்தது. வெளியே சாப்பிடுவது என்பது நாக்கின் விவகாரமாக ஆனது பிற்பாடு. அதற்கு முன் அது யார் எங்கே உட்காரலாம் என்ற விவகாரம்.

கோவிந்தாபுரத்திலிருந்து கிழக்கே பொள்ளாச்சி. அங்கிருந்து உடுமலைப்பேட்டை வந்து தெற்கே திரும்பினால் மலை ஏற்றம். சின்னாறு சரணாலயத்துக்குள் மீண்டும் கேரளம், இம்முறை இடுக்கி மாவட்டம். முதலில் வருவது மறையூர். சந்தனக் காட்டுக்கும் கரும்புக்கும் பெயர்போன ஊர். ஆலைக் கொட்டகையில் காய்ச்சி, சூடு ஆறுமுன் கையால் உருட்டிய வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையாளத்தில் 'மறையூர் சர்க்கர'. அதைக் காய்ச்சுகிறவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். சாலையோரக் கடைகளில் வெல்லக் காப்பி கேட்டால் கிடைக்கும்.

மறையூர், காந்தளூர் வட்டாரத்து அஞ்சுநாட்டுக் கிராமத்தவர் மதுரையிலிருந்து காடு கடந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. மூணாறுக்குக் கிழக்கே மலை உச்சியில் உள்ள வட்டவடையும் தமிழ்க் கிராமம்தான். கேரட், முட்டைக்கோஸ், பூண்டு விளையும் படிக்கட்டு வயல்கள். சுற்றுலாப் பயணிகள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் காட்சி. 2020-ல் இந்தக் காட்சியின் மறுபக்கம் வெளியே வந்தது. ஊர் சலூன்களில் சக்கிலியர்களுக்கு முடி வெட்ட மறுக்கிறார்கள் என்ற புகார். அவர்கள் வெளியூர் போய்த்தான் வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் அந்த ஆண்டு செப்டம்பரில் பஞ்சாயத்தே எல்லோருக்குமான ஒரு பொது முடிதிருத்தகத்தைத் திறந்தது. சலூன் சாப்பாட்டுக் கடை அல்ல. ஆனால் காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் உட்காரலாம் என்ற வாக்குறுதி இரண்டுக்கும் பொது. கோவிந்தாபுரத்து டம்ளரும் வட்டவடை நாற்காலியும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள். நடுவில் இருப்பது ஒரு மலைத்தொடர் மட்டும்தான்.

வட்டவடையிலிருந்து இறங்கினால் மூணாறு. இங்கே எல்லை இலையில் இல்லை, பில்லில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கங்காணிகள் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்து வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் தேயிலை பறிக்கிறார்கள். கடைவீதியில் தோசைக்கல்லின் ஓசையும் தமிழ்ப் பேச்சும் கலந்து கேட்கும். சீசனில் மேஜை பிடிக்க வரிசையில் நிற்க வேண்டும். நிற்பவர்கள் சுற்றுலாக்காரர்கள். 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்தபோதுதான் நாட்டுக்கு ஒரு கணக்குத் தெரிந்தது. அவர்களின் ஒரு நாள் கூலி 232 ரூபாய். கேட்டது 500. கிடைத்தது 301. தேனிலவுத் தம்பதி ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கொடுப்பது எவ்வளவு என்று அந்த வரிசையில் நிற்பவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டீ விளையும் ஊரில் டீ பறிப்பவர் ஹோட்டலில் உட்கார்ந்து குடிக்கும் டீ அபூர்வம். லயத்து அடுப்பில் போடும் கட்டன் சாயாதான் அவருக்கு.

தெற்கே ஏலக்காய் மலைகளில் இன்னொரு வகை எல்லை. காலையில் கம்பம், தேவாரம், போடிப் பக்கத்திலிருந்து ஜீப்புகள் மலையேறுகின்றன. ஒவ்வொன்றிலும் கொள்ளளவை மீறிப் பெண்கள். மடியில் தூக்குச்சட்டி. அதில் மதியச் சோறு. குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் எல்லையைத் தாண்டித் தோட்டங்களுக்குப் போய், மாலையில் திரும்புகிறார்கள். சாலையோர டீக்கடையில் ஒரு சாயாவும் ஒரு கடியும், அதுவும் வண்டி நின்றால்.

மலை மேல் கடைகளில் மணப்பது மரவள்ளிக்கிழங்கு. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்துப் பரப்பிய கிழங்கு இது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரைப் பட்டினியிலிருந்து காத்ததும் இதுதான். அந்தப் பஞ்ச காலத்திலும் அதற்குப் பிறகும் சமவெளியிலிருந்து காடு திருத்த மலையேறிய கிறிஸ்தவக் குடியானவர்களோடு கிழங்கும் ஏறியது. விருந்தில் மிஞ்சிய மாட்டெலும்பைக் கிழங்கோடு சேர்த்து வேகவைத்த 'எல்லும் கப்பயும்' இன்று இடுக்கியின் அடையாள உணவு. இதற்கு 'ஏஷ்யாட்' என்றும் பெயர் உண்டு. ஏழையின் மிச்சம் பணக்காரரின் ஸ்பெஷல் ஆவது உணவு வரலாற்றில் புதிதல்ல.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறு முற்றியபோது இந்த மலைப்பாதைகள் அடைக்கப்பட்டன. ஜீப்புகள் ஓடவில்லை. ஏலத்தோட்டங்களில் ஆளில்லை. கேரளத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. தமிழ்நாட்டின் ஊர்தோறும் டீ ஆற்றிக் கொடுத்த 'நாயர் கடை'க்காரர் திடீரென்று அந்நியரானார். அணையைக் கட்டியவரும் இல்லை, தண்ணீரைப் பங்கிட்டவரும் இல்லை. பாய்லரோடு நின்றவர்தான் அடி வாங்கினார். கோபம் வரும்போது கைக்கு எட்டுவது டீக்கடைதான். ஊரிலேயே கதவில்லாமல் எல்லோருக்கும் திறந்திருப்பது அதுதானே.

அந்தத் திறப்புதான் சாப்பாட்டுக் கடையின் உண்மையான பெருமை. அது கெட்டால் இட்லி எவ்வளவு மெத்தென்று இருந்தும் பயனில்லை. இந்த எல்லையில் அதைக் காப்பாற்றும் முயற்சி ஒன்று எதிர்பாராத மூலையிலிருந்து வந்திருக்கிறது. அதற்கு மறுபடியும் வடக்கே, பாலக்காட்டு மாவட்டத்தின் இன்னொரு ஓரத்துக்குப் போக வேண்டும்.

கோயமுத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாக மேற்கே போனால் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் மலை. வந்தேறியவர்கள் நிலத்தைப் பிடிக்க, பழங்குடிகள் சாமையும் ராகியும் விளைவித்த காடுகளை இழந்தார்கள். 2013-ல் அட்டப்பாடியில் சத்துக் குறைவால் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுதும் செய்தி. 1998-ல் கேரள அரசு தொடங்கிய 'குடும்பஸ்ரீ' பெண்கள் அமைப்பு அங்கே ஊர்தோறும் பழங்குடிப் பெண்களைக் கொண்டு சமுதாயச் சமையலறைகளை நடத்தியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த 'கேரளீயம்' விழாவில் நீண்ட வரிசை நின்ற கடைகளில் ஒன்று அட்டப்பாடிப் பெண்களுடையது. பச்சிலைகளும் பச்சை மிளகாயும் கோழிச்சீரகமும் அரைத்த மசாலாவில், கல்லில் போட்டுக் கொத்திக் கொத்தி வேகவைக்கும் கோழி. பெயர் 'வனசுந்தரி'. பெயர் சினிமாத்தனமாக இருக்கலாம். ஆனால் பசிக்குப் பெயர்போன ஊரின் பெண்கள் தலைநகருக்குச் சோறு போட்டார்கள் என்பதில் சினிமா எதுவும் இல்லை. சாதிக் கணக்கில் எந்தப் பந்தியிலும் இடம் இல்லாதவர்கள் அன்று கரண்டி பிடித்தார்கள். வரிசையில் நின்றவர்கள் யாரும் கரண்டி பிடித்த கையின் குலம் கேட்டதாகத் தெரியவில்லை.

இதே குடும்பஸ்ரீ கேரளம் முழுவதும் 'ஜனகீய ஹோட்டல்'களை நடத்துகிறது. 2020-ல் தொடங்கியபோது மதியச் சாப்பாடு 20 ரூபாய், அரசு மானியம் 10. 2023 ஆகஸ்டில் மானியம் நின்றது, விலை 30 ஆனது. தமிழ்நாட்டில் 2013-ல் சென்னையில் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகத்துக்கு மலையாள ஒன்றுவிட்ட சகோதரி. இங்கெல்லாம் ருசியைத் தேடிப் போக வேண்டியதில்லை. சாம்பார் ஒரு நாள் தண்ணீராக இருக்கும், ஒரு நாள் உறைக்கும். ஆனால் ஆட்டோ டிரைவர், ஆபீஸ் குமாஸ்தா, வடக்கிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி என்று யார் வந்தாலும் தட்டு ஒன்று, பெஞ்சு ஒன்று. சகோதரன் அய்யப்பன் ஏச்சு வாங்கிக்கொண்டு நடத்திய பந்தி, இங்கே டோக்கன் வாங்கிக்கொண்டு நடக்கிறது. மானியம் போன பிறகு இவை நஷ்டத்தில் தள்ளாடுவதைப் பற்றி உணவு விமர்சகர்கள் எழுதுவதில்லை. எழுத வேண்டிய செய்தி அதுதான்.

எல்லையோரம் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு விடை சொல்வது எளிது. விடியலில் ராமசேரி, மதியம் புதுநகரத்துப் பிரியாணி, மறையூரில் வெல்லக் காப்பி, மலை மேல் கப்பை. எதுவும் ஏமாற்றாது. ஆனால் இலையைப் பார்க்கும் முன், கடையின் பின்பக்கம் டம்ளர் கழுவும் தொட்டியை ஒரு முறை எட்டிப் பார்ப்பது நல்லது. எல்லா டம்ளரும் ஒரே தொட்டியில் விழுந்தால், அது நல்ல கடை. சட்னியில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும்.